கோர்ஸை முடிக்கணும்

மருந்து இன்னும் மேலேயிருந்து வரவில்லை. பத்து நாற்பது. இந்தச் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிஷம் முந்தி ஓடுகிறது என்று முதல் நாளே சொன்னேன், மூன்றாவது மாதம் நடக்கிறது, ஒருத்தரும் ஸ்டூல் போட்டு ஏறவில்லை, ஆக பத்து முப்பத்தைந்து. ஒவ்வாமை வராமலிருக்கப் போடுகிற அவில் ஊசி போட்டு இருபது நிமிஷம் ஆகிறது. யுகேந்திரன் தூங்கிவிட்டான், சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு, இருபத்துநாலு வயசுப் பிள்ளை, ஆறடி, கால் இரண்டும் நாற்காலிக்கு வெளியே, தலையில் ஒரு முடி இல்லை, புருவமும் போய் முகம் பாதி வரைந்துவிட்டு எழுந்துபோன படம் மாதிரி இருக்கிறது. இன்றைக்கு எட்டாவது டோஸ். அடுத்த செவ்வாய் ஒன்பதாவது. அதோடு இந்த இடத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, ஆவணியில் அவன் பெங்களூரில் வேலைக்குப் போய்ச் சேருவான், முடி வளரும், புருவம் வளரும், நான் மறுபடி காலையில் பேப்பர் படிப்பேன். பிழைத்துக்கொள்வான், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது, டாக்டர் நஸீமாவே சொல்லிவிட்டாள், புற்றுநோயில் மருந்துக்கு இப்படி மளமளவென்று கரைகிறது வேறு இல்லை என்று. எனக்குப் பயமில்லை. பொறுமைதான் இல்லை, அது பிறவியிலேயே இல்லை. எதிர் நாற்காலிக்காரருக்கு வாயில் வந்திருக்கிறது, புகையிலை. அவர் மனைவி ஆரஞ்சு உரித்துக்கொண்டே இருக்கிறாள், ஒன்பது நாற்காலியிலும் யாருக்கு எங்கே என்று கேட்டு வைத்திருக்கிறாள். போன தடவை என்னைக் கேட்டாள், "தம்பிக்கு எங்கம்மா?" நான் சொன்னேன், "வயித்துல." புற்றுநோய் வார்டில், எல்லோரும் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கிற இடத்தில், நான் பொய் சொன்னேன். வயிற்றில். வயிற்றில் இல்லை. விரையில். வலது விரையில். பார், மனசுக்குள் எவ்வளவு சரளமாக வருகிறது. ஐம்பது வயசு வரை அந்தத் தமிழ் வார்த்தை என் வாயில் வந்ததில்லை, இங்கிலீஷில் வரும், இங்கிலீஷில் சொன்னால் அது யாருடையதோ உறுப்பு. கான்வென்டில், பத்தாம் வகுப்பில், சிஸ்டர் கொலம்பா அந்தப் பாடத்தை மட்டும் நாலு பின் அடித்து மூடிக் கொடுத்தாள், "இது பரீட்சைக்கு வராது, பெண்களே." மத்தியான மணி அடிப்பதற்குள் காம்பஸ் முனையால் நாலு பின்னையும் நெம்பி எடுத்துவிட்டேன். உள்ளே ஒரு படம், அம்புக்குறிகள். இதற்கா நாலு பின் என்று இருந்தது. ஆனால் பின்னைத்தான் எடுத்தேன், வாய் அப்படியே பின் அடித்தபடி இருந்துவிட்டது போலிருக்கிறது. அந்த வாயைத்தான் இவனும் பார்த்து வளர்ந்தான். கல்லு மாதிரி ஒன்று அங்கே தட்டுப்பட்டு ஐந்து மாசம் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் சொன்னது அறைத் தோழனிடம். அந்தப் பையன் இவன் அப்பாவிடம் சொல்ல, அப்பா, கூட்ஸ் வண்டி கார்டு, அரக்கோணத்தில் நின்றுகொண்டு போனில் என்னிடம் சொன்னார், "சாரு, அவனுக்கு அங்க ஏதோ கட்டியாம்." எங்கே? "அங்கதான்." எங்கேங்க? "அங்க." அந்த "அங்க"வுக்குள்ளேயே ஐந்து மாசம் ஒளிந்திருந்தது அது.

வெட்டியெடுத்தார்கள். தொடையிடுக்கில், மேலே, ஹெர்னியாவுக்கு வெட்டுகிற அதே இடத்தில். பார்த்தவுடனே எனக்குத் தோன்றிவிட்டது, சொல்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது. கீழ் வீட்டில் குஞ்சிதம் அண்ணி, என் வீட்டுக்காரரின் அக்கா. அண்ணிக்குத் தெரிந்தால் உறையூருக்குத் தெரியும், உறையூருக்குத் தெரிந்தால் நாளைக்குப் பெண் தேடும்போது முதல் கேள்வியே அதுவாக இருக்கும். "ஹெர்னியா, அண்ணி. குடலிறக்கம்." அப்படியாடி, என் மாமனாருக்கும் இருந்துச்சு என்று அண்ணி உட்கார்ந்துவிட்டாள். ஒரு பொய்யோடு முடிந்ததா, மொட்டைத் தலைக்கு என்ன சொல்வது? அதற்கும் சொன்னேன். தையலில் சீழ் பிடித்துவிட்டது, கனமான ஆன்டிபயாடிக் ஏறுகிறது, அந்தச் சூட்டில் முடி கொட்டுகிறது. சொல்லும்போது எனக்கே சிரிப்பு, ஏனென்றால் அதில் பாதி நிஜம். மூன்று மருந்தில் ஒன்று, இந்த ப்ளியோமைசின், ஆன்டிபயாடிக் ஜாதியேதான், மண்ணில் இருக்கிற ஏதோ கிருமி சுரக்கிறதை எடுத்து வடித்தது. டாக்டர் முதல் நாள் காகிதத்தில் இரண்டு வடம், டி.என்.ஏ.வாம், வரைந்து காட்டினாள். கட்டியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய் அந்த வடத்தை வெட்டிவிடும், வடம் அறுந்தால் அது பெருகாது. "ரத்த அணுவை இது அவ்வளவா தொடாது, அதான் இதோட நல்ல குணம். மத்த ரெண்டு மருந்தோட சேத்துக் குடுக்கலாம்." கெட்ட குணம்? நான்தான் கேட்டேன், அப்பாவும் பிள்ளையும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உடம்புல எல்லா உறுப்பும் இந்த மருந்தைச் செரிச்சு வெளிய தள்ளிடும்மா. ரெண்டுக்கு மட்டும் செரிக்கத் தெரியாது. ஒண்ணு தோல், இன்னொண்ணு நுரையீரல். அங்க தங்கிடும்." தங்கினால்? "தோல் கறுக்கும், பரவால்ல. நுரையீரல் தழும்பு கட்டி விறைச்சுப்போகும். எல்லாருக்கும் இல்ல. ஆனா வந்தா லேசுல திரும்பாது. அதனால வறட்டு இருமல், மாடி ஏறினா மூச்சு வாங்கறது, எது இருந்தாலும் அன்னிக்கே சொல்லணும்." சொல்கிறோம் என்றேன். யார் சொல்கிறோம்? நாங்கள். சொல்கிற குடும்பம்தானே நாங்கள்.

ஆனால் என் காதில் தங்கியது அந்த ஒரு வார்த்தை, ஆன்டிபயாடிக். ஆன்டிபயாடிக் என்றால் எனக்குத் தெரியாததா. இவனுக்கு ஆறு வயசில் தொண்டைப் புண், ஐந்து நாள் சிரப், மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்தேன், பத்தாம் நாள் முட்டி இரண்டும் வீங்கி நடக்க முடியாமல் அழுதான், அந்தக் கிழட்டு டாக்டர் நாலு பேர் முன்னால் என்னை நிற்கவைத்துக் கேட்டார், "கான்வென்ட்ல படிச்சேன்னு சொல்றே, கோர்ஸை முடிக்கணும்னு தெரியாதா?" அன்றையிலிருந்து இந்த வீட்டில் ஒருத்தர் ஒரு மாத்திரையை மிச்சம் வைத்ததில்லை. அண்ணிக்குப் பல் வலி வந்தாலும் அட்டையை வாங்கி எண்ணிவிடுவேன். இவனிடமும் அதுதான், முதல் டோஸ் ஏறிய அன்று சாயங்காலம் குளிர்காய்ச்சல் தூக்கித் தூக்கிப் போட்டது, மூன்று போர்வை, பல் தந்தியடிக்கிறது, "போதும்மா, எனக்கு வேணாம்மா" என்றான், நான் மேலே படுத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன், "கோர்ஸை முடிக்கணும்." முதுகில் கோடு விழுந்தபோதும் அதேதான். அரித்த இடத்தில் எல்லாம் சொறிந்திருக்கிறான், சொறிந்த தடமெல்லாம் கறுப்பாக நின்றுவிட்டது, சாட்டையால் விளாசின மாதிரி குறுக்கும் நெடுக்கும். ஈரத் துண்டோடு மொட்டை மாடிக்குப் போனவனை அண்ணி பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஏண்டி சாரு, தோளுக்கு மேல வளந்த பிள்ளைய இப்படியா அடிப்பே?" நான் அடித்தேனாம். அடித்தது நான் இல்லை அண்ணி, மண்ணில் கிடந்த கிருமி என்று சொல்ல வாயெடுத்து, "வேர்க்குரு" என்றேன். கறுப்புக் கோடு பரவாயில்லை, சட்டைக்குள் போய்விடும். தோல் வெளியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். மற்றது உள்ளே இருக்கிறது.

உள்ளே இருப்பதற்கும்தான் பரிசோதனை வைக்கிறார்களே. ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் குழாயில் ஊதச் சொல்கிறார்கள், போன சனிக்கு முந்தின சனிக்கிழமைகூட ஊதினான், நன்றாகத்தான் ஊதினான், டெக்னீஷியன் பையன், சார் நாதஸ்வரம் கத்துக்கலாம் என்றான். அது நல்ல ரிப்போர்ட். இன்று காலையிலும் டாக்டர் கேட்டாளே, காய்ச்சல்? இல்லை. மூச்சு வாங்குதா? இல்லை. இருமல்? "இல்ல டாக்டர்." எழுதிக்கொண்டாள். முடிந்தது. எல்லாம் சரி. ஏன் அந்த மூன்றாவது "இல்ல" மட்டும் முள் மாதிரி நிற்கிறது? மற்ற இரண்டையும் டாக்டர் முகத்தைப் பார்த்துச் சொன்னான். இதைச் சொல்லும்போது மூலையில் இருந்த வாஷ்பேசினைப் பார்த்தான். வாஷ்பேசினில் என்ன இருக்கிறது. ஒன்றும் இல்லை. குழாய் இருக்கிறது. சும்மா இரு சாருமதி, உனக்கு எதைப் பார்த்தாலும் ஒரு கேள்வி, ஆரஞ்சுக்காரிக்கும் உனக்கும் என்ன வித்தியாசம். பத்து நாற்பத்தெட்டு, அதாவது நாற்பத்து மூன்று. மேலேயிருந்து ஒரு சின்னப் பை வருவதற்கு இவ்வளவு நேரமா, கலக்குகிறார்களா கடைகிறார்களா. இதோ இவன் அசைகிறான். நெஞ்சு ஒரு தடவை எக்கியது. இருமினான். தூங்கிக்கொண்டே. காய்ந்த இருமல், சருகு மேல் கால் வைத்த மாதிரி, ஈரமே இல்லாமல், ஒன்று, இரண்டு, மூன்று, நாலாவது வெளியே வராமல் தொண்டையிலேயே செத்தது. தூக்கத்திலேயே கை எழுந்து வலப்பக்கம் காற்றில் எதையோ திருகுகிறது. இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா. எதைத் தேடுகிறது இந்தக் கை? கை கீழே விழுந்தது. மறுபடி தூக்கம். எனக்கு உள்ளங்கால் சில்லென்று ஆகிறது, ஏசி, ஏசிதான். ஏசி இல்லை. குழாய். இந்தக் கை குழாயைத் திறக்கப் போகிறது.

தண்ணீர் டேங்க். போன வாரம் முழுக்க எனக்கும் அண்ணிக்கும் அந்தச் சண்டைதானே. மோட்டார் சுவிட்ச் கீழே அண்ணி வீட்டில். "என்னடி சாரு, தண்ணிய மேல குடும்பத்தோட குடிக்கிறீங்களா? காலையில ஒருவாட்டி, இப்ப ஒருவாட்டி மோட்டர் போட்டாச்சு." அது என்றைக்கு? கேஸ் சிலிண்டர் வந்த அன்று, சிலிண்டர்காரர் படியில் நிற்கும்போதுதான் கத்தினாள், வியாழக்கிழமை. நான் மேலே போய் பாத்ரூம் கதவைத் தட்டினேன், உள்ளே வாளி நிரம்பி வழிகிற சத்தம், "அரை மணி நேரமா உள்ள என்னடா குடும்பம் நடத்துறே?" குழாய் இன்னும் வேகமாகத் திறந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, நேற்று. ஐந்து நாள். அதற்கு முந்தின நாள் புதன். புதன்கிழமை சாயங்காலம் மற்ற இரண்டு மருந்தையும் ஏற்றிக்கொண்டு இங்கேயிருந்து திரும்பிப் போய்ப் படி ஏறும்போது இருமினான், நான் பக்கத்திலேயே இருந்தேன், நாலைந்து தடவை, ஆட்டோ புகை என்று நினைத்தேன். நினைப்பதற்குள் அண்ணி கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். "டேய் யுகா! ஹெர்னியா ஆபரேஷன் பண்ணவன் இருமலாமாடா? தையல் பிரிஞ்சு குடல் வெளிய வந்திரும். ஏற்கெனவே சீழ் புடிச்ச தையல். அடக்குடா. வாயப் பொத்து." அதிமதுரக் கஷாயத்தோடு மேலே வந்து, குடிக்கிற வரை நின்று, இனிமே ஒரு இருமல் என் காதில் விழக் கூடாது என்று விரலை ஆட்டிவிட்டுப் போனாள். அண்ணி பேரில் தப்பே இல்லை. ஹெர்னியாக்காரன் இருமக் கூடாதுதான். ஹெர்னியா யார் கொடுத்தது? நான் கொடுத்தேன். நான் வாயால் போட்ட தையல் பிரியாமல் இருக்க என் பிள்ளை ஐந்து நாளாகக் குழாயைத் திறந்துவிட்டு இருமிக்கொண்டிருக்கிறான். படி. ஐயோ, படி. பத்துப் படி ஏறினால் நடுவில் நின்று போனைப் பார்க்கிறான், நேற்றுகூட முதுகில் கை வைத்துத் தள்ளினேன், "படியில நின்னு அதை நோண்டாதே, ஏறு." போனில் விளக்குகூட எரியவில்லை. நான் பார்த்தேன், விளக்கு எரியவில்லை என்பதை என் கண் பார்த்தது, எனக்குத்தான் சொல்லவில்லை.

சரி, இப்போது என்ன. எழுந்து சொல். சொன்னால்? நிறுத்திவிடுவார்கள். எட்டாவது இல்லை, ஒன்பதாவது இல்லை, மூன்றாம் நாள் அலமாரியில் வைத்த சிரப். மறுபடி அது முளைத்தால், இந்தத் தடவை முட்டியில் வராது. இரண்டு பைக்காகவா அவ்வளவையும் விடுவது, இவ்வளவு வந்துவிட்டு. வெறும் சளியாக இருந்தால்? புகையாக இருந்தால்? சொல்லாமல் இருந்தால், இந்தப் பை ஏறினால், ஏற்கெனவே செரிக்காமல் கிடக்கிறதன் மேல் இன்னும் ஒரு பை, நோயும் இல்லாமல் மூச்சும் இல்லாமல் ஒரு பிள்ளை, மாடிக்கு ஏற முடியாமல் கீழேயே அண்ணி வீட்டில் கட்டில் போட்டு. கோர்ஸை முடித்தாய் என்று எனக்கு யார் கை கொடுப்பார்கள், அந்தக் கிழட்டு டாக்டரா? அவர் செத்து எட்டு வருஷம் ஆகிறது. அவருக்கா நான் பதினெட்டு வருஷமாக மாத்திரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்? செரிக்கத் தெரியாத இரண்டு என்றாள். தோல் சொல்லிவிட்டது, கோடு கோடாக எழுதியே காட்டிவிட்டது. நுரையீரலுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை இருமல், அதன் வாயைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பொத்திக்கொண்டிருக்கிறோம். லிப்ட் கதவு. நர்ஸ் பவுலின் சிஸ்டர் வருகிறாள், தட்டில் அந்தச் சின்னப் பை, மஞ்சள் லேபிள், சுண்டு விரல் நீளம்கூட இல்லாத லேபிள். வழக்கம்போலச் சத்தமாகப் படிக்கிறாள், "யுகேந்திரன், இருபத்துநாலு, ப்ளியோமைசின்," கம்பியில் மாட்டுகிறாள், குழாயின் மூடியைக் கழற்றுகிறாள். குழாய். என் வாயில் அந்த நாலு பின்னும் அப்படியேதான் இருக்கிறது. காம்பஸ் எங்கே. காம்பஸ் வேண்டாம், எழுந்து நின்றாலே போதும். நின்றுவிட்டேன். கைப்பை கீழே விழுகிறது, விழட்டும்.

"சிஸ்டர், போடாதீங்க. இவனுக்கு இருமல் இருக்கு. அஞ்சு நாளா. ஆறு நாளா." பவுலின் பையைப் பார்க்கிறாள், கேஸ் ஷீட்டைப் பார்க்கிறாள். "இல்லைன்னு எழுதியிருக்கே, தம்பியே சொல்லிச்சே." "அவன் சொன்னான். நான் சொல்லலையே. மூச்சும் வாங்குது, படியில நிக்கிறான்." அவன் கண்ணைத் திறந்துவிட்டான், அவில் மயக்கத்தில் கண் ஒருபக்கம் போகிறது, கோபம் மட்டும் நேராக வருகிறது. "அம்மா, சும்மா இரு. சளி அது." "சளியா? எங்க, துப்பு பாப்போம்." "இன்னும் ரெண்டுதாம்மா. நீதானே கோர்ஸை முடிக்கணும் கோர்ஸை முடிக்கணும்னு உயிரை வாங்கினே?" "வாங்கினேன். இப்ப திருப்பிக் குடுக்கறேன், வாங்கிக்கோ." ஆரஞ்சுக்காரி உரிப்பதை நிறுத்திவிட்டாள். அவன் குரலைத் தணித்தான், தணித்தால்தான் அவன் சொல்வது வலிக்கும், சின்ன வயசிலிருந்தே அப்படி. "நீ மட்டும் அத்தைகிட்ட ஹெர்னியான்னு சொல்லலாம். நான் இல்லைன்னு சொன்னா தப்பா?" குனிந்து கைப்பையை எடுத்தேன். பவுலின் பையைக் கம்பியிலிருந்து எடுத்துத் தட்டில் திரும்ப வைத்தாள், அது போதும் எனக்கு.

டாக்டர் நஸீமா வந்து சட்டையைத் தூக்கி அந்தக் கறுப்புக் கோடுகளுக்கு நடுவே ஸ்டெதஸ்கோப்பை வைத்து, மூச்சை இழு, விடு, இழு, கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். நுரையீரலின் அடியில் ரெண்டு பக்கமும் லேசாக ஒரு சத்தம் இருக்காம், பையில் இருக்கிற வெல்க்ரோ ஒட்டுப் பட்டையை மெதுவாகப் பிரிக்கிற மாதிரி. விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டி வராந்தாவில் நடக்கச் சொன்னாள். உட்கார்ந்திருந்தபோது தொண்ணூற்றெட்டு. லிப்ட் வரை போய்த் திரும்பியபோது தொண்ணூற்றிரண்டு. நான் எண்ணுகிறவள், எனக்கு அந்த ஆறு தெரியும். ஆயா ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு ஓடி வந்தாள், டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினாள். "வேணாம், இந்த மருந்து ஏறினவங்களுக்கு அதை அள்ளிக் குடுத்தா அதுவே நுரையீரலைக் கெடுக்கும். இனிமே எங்க எந்த ஆபரேஷன்னாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இதை முதல்ல சொல்லணும், தம்பி. பல்லு புடுங்கப் போனாலும் சொல்லு. சிகரெட் பக்கம் போகவே கூடாது." அவன் தலையை ஆட்டுகிறான். ஸ்கேன் இன்றைக்கே, ஸ்டீராய்டு தேவைப்படலாம், முழுசாகச் சரியாகுமா என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறேன் என்றாள். "அப்ப இந்த ரெண்டு?" என்றேன். குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது, மிச்சம் வைத்த மாத்திரையைக் கேட்கிற குரல். "இவனுக்கு இந்த மருந்து இனி கிடையாது. ஏழு போயிருக்கு. முக்கியமா வேலை பாக்கறது மத்த ரெண்டும், அது போன வெள்ளியோட முழுசா முடிஞ்சிருச்சு. ரத்தத்துல கட்டி இருக்கான்னு காட்டற மார்க்கர் போன மாசமே இறங்கிருச்சு. இது ஆன்டிபயாடிக் குடும்பம்தாம்மா, ஆனா தொண்டைப் புண்ணுக்குக் குடுக்கற கோர்ஸ் இல்ல. எங்க நிறுத்தணுமோ அங்க நிறுத்தறதுதான் இதுக்குக் கோர்ஸ்."

ஸ்கேனுக்கு மத்தியானம் கூப்பிடுவார்களாம். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறான், இருமல் வருகிறது, தோள் குலுங்குகிறது, உதட்டை இறுக்கி அடக்குகிறான், பழக்கம். போன் அடிக்கிறது. குஞ்சிதம் அண்ணி. பதினொன்றரைக்கு எப்போதும் அடிப்பாள். "என்னடி, ஊசி ஏறிடுச்சா? இருமுறானா? நான் சொன்னேனே, தையல்..." "அண்ணி, தையல் நல்லாருக்கு. அவனுக்கு ஹெர்னியாவே கிடையாது." அந்தப் பக்கம் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது, நின்றது. "புற்றுநோய், அண்ணி. விரையில. வலது பக்கம். எடுத்தாச்சு, சரியாயிரும். மருந்து நெஞ்சுல பட்டிருக்கு, அதான் இருமல். அவன் இருமணும் அண்ணி, நாங்க கேக்கணும். நான்தான் பொய் சொன்னேன், உங்க பேர்ல தப்பில்ல." ஒன்பது நாற்காலியும் என்னைப் பார்க்கிறது. ஆரஞ்சுக்காரி ஒரு சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருக்கிறாள். பார்க்கட்டும். "அம்மா," என்கிறான் சுவரைப் பார்த்தபடி, "மெதுவா பேசேன்." "எதுக்கு மெதுவா?" அண்ணி அழுகிறாளா திட்டுகிறாளா தெரியவில்லை, இரண்டும்தான், நடுவில், கஷாயத்த கீழ கொட்டிட்டு வேற என்னடி குடுக்கட்டும் என்று கேட்டது மட்டும் தெளிவாக விழுந்தது. வந்து பேசுகிறேன் என்று வைத்தேன். அவன் இந்தப் பக்கம் திரும்பினான். புருவமில்லாத அந்த முகத்தில் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்க எனக்கு இன்னும் பழகவில்லை. பிறகு இருமினான். கையால் மறைக்காமல், அடக்காமல், குனிந்து, நெஞ்சுக்கூடு முழுக்க, ஒன்று, இரண்டு, நான் அவன் முதுகில் கை வைத்து எண்ணுகிறேன், ஏழு, எட்டு, ஒன்பது. மூலையில் வாஷ்பேசின் குழாய் மூடியே இருக்கிறது.